கவுன்சிலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த வீதிக் கிடங்கு

2024 பெப்ரவரி 10, சனிக்கிழமை பின்னேரம். மகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். லண்டனுக்கு வெளியே, ஒரு கவுன்ரி கவுன்சிலின் (உள்ளூராட்சி சபையின்) எல்லைக்குள் எங்கள் வீடு. மூன்று நாளாக விட்டுவிட்டு மழை. முப்பது மைல் வேகம் அனுமதித்த வீதியில் இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே போயிருப்பேன். பஸ் தரிப்புக்கு எதிரே, இடது ஓரமாகத் தண்ணீர் தேங்கி நின்றது. எதிர்ப்பக்கம் பஸ் வந்ததால் விலத்த இடமில்லை. தண்ணீர்தானே என்று மேலால் விட்டேன்.

இடது முன்சில்லு உள்ளே இறங்கி அடித்த அடியில் பின் சீற்றில் கிடந்த புத்தகப் பை கீழே விழுந்தது. "அப்பா, என்னத்திலயோ இடிச்சுப் போட்டீங்கள்" என்றாள் மகள். அடுத்த சந்தி வர முதலே ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. இறங்கிப் பார்த்தால் ரயரின் பக்கச்சுவர் இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அலோய் றிம்மின் விளிம்பு உள்நோக்கி மடிந்து, மடிப்பில் மயிர் போல ஒரு வெடிப்பு.

வீதியில் தார் பெயர்ந்து உண்டான இந்த ஒரு கிடங்குக்காக, நட்டஈடு கேட்டுக் கவுன்சிலுக்கு ஐந்தரை மாதம் கடிதம் எழுதினேன். கடைசியில் 314 பவுண்ஸ் கிடைத்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் முழுவதையும் எழுதி வைக்கிறேன். என்னிடம் விசாரித்தவர்கள் எல்லாரும் கிடங்கு எவ்வளவு ஆழம், பில் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். என் கோரிக்கை முதலில் நிராகரிக்கப்பட்டபோது அந்த இரண்டும் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தன. முடிவை மாற்றியது வேறொன்று: நான் விழுவதற்கு 24 நாளுக்கு முன்பே யாரோ ஒருவர் கவுன்சிலுக்கு எழுதியிருந்த மூன்று வரி.

ஞாயிறு காலை

அன்றிரவே கவுன்சிலின் இணையத்தளத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, முறைப்பாட்டு எண்ணை எழுதி வைத்தேன். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, வாகனம் குறைந்த நேரத்தில், மனைவியோடு அந்த இடத்துக்குப் போனேன். அவள் நடைபாதையில் நின்று வாகனம் வருகிறதா என்று பார்க்க, நான் தும்புத்தடியின் பிடியைக் கிடங்குக்குக் குறுக்கே கிடத்தி, அதிலிருந்து கீழே அளவுநாடாவை இறக்கினேன். 65 மில்லிமீற்றர். நீளம் முக்கால் மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 40 சென்ரிமீற்றர். நாடாவின் எண்கள் தெரியக் கிட்டவாக ஒரு படம். பஸ் தரிப்பும் 14ஆம் இலக்க லைட் போஸ்ற்றும் சேர்ந்து தெரிய, தள்ளி நின்று இன்னொரு படம். அந்தப் போஸ்ற் இலக்கம் பிறகு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது. வீதி முழுக்க ஒரே பெயர், ஒரு மைலுக்கு மேல் நீளம். அதில் ஓர் இடத்தைச் சந்தேகமில்லாமல் சொல்ல அந்த இலக்கத்தை விட்டால் வேறு வழி இல்லை.

குனிந்து பார்த்தபோதுதான் கிடங்கின் விளிம்பைக் கவனித்தேன். புதிதாகப் பெயர்ந்த தார் கறுப்பாக மினுங்கும், விளிம்பு கத்தி போல இருக்கும். இது அப்படி இல்லை. ரயர்கள் ஏறி இறங்கி விளிம்பு உருண்டு, சாம்பல் நிறமாய்த் தேய்ந்திருந்தது. அடியில் சேறு படிந்து இறுகிப்போயிருந்தது. பெயர்ந்த சல்லிக்கற்கள் நடைபாதை ஓரத்தில் ஒரு வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன. ஒரு மழையிலோ ஒரு கிழமையிலோ வந்த கிடங்கு அல்ல என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. இந்த நாட்டில் கிடங்குகள் பெரும்பாலும் மாரியில்தான் பிறக்கும். வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து ஒன்பது வீதமளவில் பருக்கும், தாரைக் கீழிருந்து தூக்கும். உருகியதும் உள்ளே வெற்றிடம். மேலே ஒரு பஸ் ஏறினால் போதும். அப்படி உடைந்தது தேய்ந்து உருண்டு வருவதற்குப் பல கிழமை வேண்டும். விளிம்பை மட்டும் தனியாக மூன்று படம் எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வழியால் போனபோது கிடங்கு நிரப்பப்பட்டிருந்தது. கறுப்பாக ஒரு சதுரம், அவ்வளவுதான். ஆறுதலாக எடுப்போம் என்று விட்டிருந்தால் என் கையில் ஒன்றும் மிஞ்சியிராது.

கராஜில்

திங்கட்கிழமை காரைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். எங்கட ஊர்ப் பொடியன்தான், இருபது வருடமாக இதே வேலை. சில்லைக் கழற்றிவிட்டு உள்ளே லைற் அடித்துப் பார்த்தவன் கூப்பிட்டான்: "அண்ணை, இங்க வாங்கோ. ஸ்பிரிங்கும் உடைஞ்சு கிடக்கு."

உடைந்த துண்டை என் கையில் தந்தான். உடைந்த முகத்தில் ஒரு பாதி வெள்ளி போல மினுங்கியது. மற்றப் பாதி செம்மண் நிறம்.

"மினுங்கிற பக்கம் சனிக்கிழமை உடைஞ்சது. கறள் பிடிச்ச பக்கம் எப்பவோ வெடிச்சு, தண்ணி போய்வந்த பக்கம். கிடங்கு இல்லாட்டியும் இன்னும் ரண்டு மூண்டு மாசத்தில போயிருக்கும். நான் பொய் எழுதித் தரமாட்டன் அண்ணை."

நானும் கேட்கவில்லை. ஸ்பிரிங்குக்கான 178 பவுண்ஸைக் கோரிக்கையில் சேர்க்காமல் விட்டேன். ரயர் 92, றிம் 210, சில்லு நேர்ப்படுத்தியது 55, ஆக 357 பவுண்ஸ். ஸ்பிரிங் விடயத்தைக் கடிதத்தில் மறைக்காமல், "இது பழைய வெடிப்பு, ஆகவே கேட்கவில்லை" என்று ஒரு வரியில் எழுதினேன். மற்ற மூன்றையும் பற்றிக் கவுன்சில் ஒருநாளும் சந்தேகம் எழுப்பவில்லை. அந்த ஒரு வரியும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

மெக்கானிக்கிடம் இன்னொன்றும் எழுதி வாங்கினேன். பழைய ரயரில் இன்னும் 5 மில்லிமீற்றர் பூப்பட்டை, அதாவது தேயக்கூடிய மேற்பள்ளங்களின் ஆழம், இருந்தது என்று. அந்தக் கணக்குப் பின்னால் வரும்.

காப்புறுதிக் கொம்பனிக்கு விபத்தை அறிவித்தேன், பணம் கேட்கவில்லை. என் ஒப்பந்தத்தில் முதல் 250 பவுண்ஸ் என் பொறுப்பு. மிச்சத்துக்காக, பணம் கேட்காதவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் குறைத்துத் தரும் நோ கிளெய்ம் கழிவை இழப்பதில் அர்த்தமில்லை.

யாரைக் கேட்பது, எந்த உரிமையில்

இங்கிலாந்தில் வீதிகள் எல்லாம் ஒரே கையில் இல்லை. மோட்டர்வேயும் பெருந்தெருக்களும் நஷனல் ஹைவேஸிடம். லண்டனில் சிவப்புக் கோடு போட்ட வீதிகள் ட்ரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டனிடம். மிச்சம் அந்தந்த உள்ளூர் அதிகாரசபையிடம். தண்ணீர், காஸ் கொம்பனிகள் தோண்டி மூடிய இடம் தாழ்ந்து கிடங்கானால் அவர்களிடம்தான் போகவேண்டும். 1991 ஆம் ஆண்டு வீதி வேலைகள் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் அவர்கள் மூடிய இடத்துக்கு இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறது, ஆழத் தோண்டிய இடத்துக்கு மூன்று. தனியார் வீதியென்றால் கவுன்சிலைக் கேட்டுப் பயனில்லை. பிழையான வாசலில் தட்டினால் இரண்டு மாதம் வீண்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதைத் தேடியபோது ஒரு பழைய வழக்கு கண்ணில் பட்டது. 1788இல் டெவன் கவுன்ரியில், பழுதுபார்க்காமல் விட்ட ஒரு பாலத்தால் ஒருவருடைய பாரவண்டில் சேதமானது. அவர் அந்தக் கவுன்ரியில் வாழும் ஆட்கள் எல்லார் மீதும் வழக்குப் போட்டார். கவுன்சில் என்று ஒன்று அப்போது இல்லை. பாலத்தைத் திருத்துவது ஊராரின் கடமை. நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. நட்டஈடு கொடுக்கப் பொது நிதி இல்லை, ஊரில் ஒவ்வொருவர் மீதும் வழக்குப் பெருகும், பொதுமக்களுக்கு இடைஞ்சல் வருவதைவிடத் தனியொருவர் இழப்பைத் தாங்குவது மேல் என்று நீதியரசர்கள் சொன்னார்கள். வீதியைப் பழுதுபார்க்காமல் விட்டதற்காக வழக்குப் போட முடியாது என்ற நிலை, பொது நிதியும் கவுன்சில்களும் வந்த பிறகும் பல தலைமுறைக்கு நீடித்தது. 1961இல் கொண்டுவந்த சட்டம் அதை நீக்கியது, 1964இல் நடைமுறைக்கு வந்தது. இன்று இருப்பது 1980 ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டம்.

அதில் இரண்டு பிரிவுகள் போதும். 41ஆம் பிரிவு, வீதியைப் பராமரிப்பது அதிகாரசபையின் கடமை என்கிறது. கிடங்கு ஆபத்தானது, பராமரிப்புக் குறைவால் வந்தது, அதால்தான் என் சேதம் என்று நான் காட்டவேண்டும். காட்டிவிட்டால் பாரம் அவர்கள் பக்கம் போகிறது. அப்போது அவர்கள் எடுக்கும் கேடயம் 58ஆம் பிரிவு: நியாயமாக எடுக்கவேண்டிய கவனம் எல்லாம் எடுத்தோம் என்று நிரூபித்தால் தப்பலாம். நீதிமன்றம் பார்க்கவேண்டியவை அங்கேயே சொல்லப்பட்டிருக்கின்றன. எப்படிப்பட்ட வீதி, எவ்வளவு வாகனம், என்ன தரத்தில் இருந்திருக்கவேண்டும். அந்த ஆபத்து அதிகாரசபைக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா. உடனே திருத்த முடியாவிட்டால் எச்சரிக்கை ஏதும் வைத்தார்களா.

கடைசி வரியை வாசித்தபோது ஊர் ஞாபகம் வந்தது. ஊரில் மழைக்காலத்தில் றோட்டில் பெரிய கிடங்கு விழுந்தால், முதலில் கண்டவர் பக்கத்து வேலியில் ஒரு பூவரசங்கொப்பை முறித்து அதற்குள் குத்திவிட்டுப் போவார். இருட்டில் சைக்கிளில் வருகிறவருக்கு அது போதும். இங்கே என் கிடங்கில் ஒரு கோன் கூட இல்லை.

முதல் பதில்

பெப்ரவரி 19இல் கோரிக்கையை அனுப்பினேன். ஏப்ரல் 22இல் மறுப்பு வந்தது. இரண்டு பக்கம், மரியாதையான மொழி. இந்த வீதி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்படுகிறது. கடைசியாக 2023 நவம்பர் 14இல் பரிசோதித்தபோது அந்த இடத்தில் திருத்தவேண்டிய பழுது இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் முறையிடும் வரை வேறு யாரும் முறையிடவில்லை. நீங்கள் அறிவித்ததும் மூன்று நாளில் திருத்திவிட்டோம். ஆகவே 58ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலுக்குப் பொறுப்பில்லை. கடைசிப் பந்தியில், நிதி நெருக்கடிக்குள்ளும் இயன்றதைச் செய்கிறோம் என்று ஒரு வசனம்.

இந்தக் கடிதத்தோடுதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நானும் ஒருநாள் முழுக்க விட்டுவிடத்தான் இருந்தேன். சட்டப் பிரிவு இலக்கத்தோடு வரும் கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. தீர்ப்புப் போலவே இருக்கும். ஆனால் அது ஒரு தரப்பின் வாதம்தான். அதில் சொல்லியிருப்பது உண்மையாக இருந்தால் மட்டுமே அந்தக் கேடயம் நிற்கும். உண்மையா என்பது அவர்களுடைய பதிவேட்டில் இருக்கிறது, அதைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது.

நிதி நெருக்கடி என்ற வசனத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பணமில்லை என்பது உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளூர் வீதிகளின் நிலுவைத் திருத்தவேலையை முடிக்க 16.3 பில்லியன் பவுண்ஸ் வேண்டும் என்று அஸ்பால்ற் இண்டஸ்ட்ரி அலையன்ஸின் 2024 அறிக்கை சொல்கிறது. ஆனால் 58ஆம் பிரிவில் அது சாட்டு ஆகாது. யோர்க் மாநகர சபைக்கு எதிராகக் கிடங்கில் விழுந்த ஒரு சைக்கிளோட்டி போட்ட வழக்கில், வருடத்துக்கு ஒருமுறைதான் பரிசோதிக்க எங்களிடம் வளம் இருக்கிறது என்று சபை வாதாடியது. வீதிக்கு என்ன கவனம் தேவையோ அதுதான் அளவுகோல், சபையின் கைப்பணம் அல்ல என்று 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுன்சில்மீது எனக்கு அனுதாபம் உண்டு. முதியோர் பராமரிப்புக்கும் பிள்ளைகளுக்கும் போகிற பணத்திலிருந்துதான் தாருக்கும் எடுக்கவேண்டும். அதற்காக என் ரயரின் செலவை நான் ஏற்கவேண்டும் என்றில்லை.

நான் கேட்டவை

ஏப்ரல் 24இல், 2000 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சுதந்திரச் சட்டத்தின் கீழ் ஒரு மின்னஞ்சல் போட்டேன். கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. 20 வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் கொஞ்சம் மினக்கெட்டேன். "கிடங்கு பற்றிய தகவல்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும்.

அந்த வீதியில் 2023 பெப்ரவரி முதல் நடந்த எல்லாப் பரிசோதனைகளின் திகதியும் பதிவும் கேட்டேன். அதே காலத்தில் அந்த வீதி முழுவதற்கும் பொதுமக்களிடமிருந்து வந்த எல்லா முறைப்பாடுகளும் கேட்டேன். "திருத்தப்பட்டது", "நடவடிக்கை தேவையில்லை", "இரட்டிப்பு" (ஏற்கெனவே வந்த முறைப்பாடுதான்) என்று மூடப்பட்டவையும் சேர்த்து என்று சொல்லி எழுதினேன். ஒவ்வொரு திருத்தவேலைக்குமான வேலைச்சீட்டும் அதோடு இணைந்த படமும் கேட்டேன். எந்த ஆழத்தில் எத்தனை நாளுக்குள் திருத்துவது என்ற அவர்களுடைய கொள்கை ஆவணமும் கேட்டேன்.

கொள்கை ஆவணம் ஏன் என்றால், நாடு முழுவதற்கும் கட்டாயமான ஓர் ஆழ அளவு இங்கே இல்லை. 2016இல் வந்த வழிகாட்டிக் கோவை, 2018 ஒக்ரோபருக்குள் ஒவ்வொரு அதிகாரசபையும் தன் வீதிகளின் ஆபத்தைத் தானே மதிப்பிட்டு அளவுகளை வகுக்கவேண்டும் என்று விட்டுவிட்டது. வாகனம் ஓடும் பகுதிக்கு 40 மில்லிமீற்றர் என்பது பல கவுன்சில்கள் வைத்திருக்கும் அளவு. ஆனால் உங்கள் கவுன்சிலின் அளவைத்தான் பார்க்கவேண்டும். அவர்களே வகுத்த விதியை அவர்களே மீறியிருப்பதைக் காட்டுவதைவிட வலுவான வாதம் கிடையாது.

இடையில் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்திலும் தேடினேன். மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் 2007இல் தொடங்கிய தளம் அது. அங்கே பதியும் முறைப்பாடு திகதியோடு எல்லாருக்கும் தெரியும்படி நிற்கும். என் கிடங்கு அதில் இல்லை. கவுன்சிலின் சொந்தப் படிவத்தில்தான் இருந்தது.

மே 22

19ஆவது வேலை நாளில் பதில் வந்தது. நான்கு கோப்புகள். பரிசோதனைத் திகதிகள் அவர்கள் சொன்னபடியே இருந்தன. நவம்பர் 14, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கோப்பு முறைப்பாடுகளின் அட்டவணை, நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள். லைட் போஸ்ற் 14 என்று தேடினேன். ஒன்றுமில்லை. பஸ் தரிப்பு என்று தேடினேன்.

2024 ஜனவரி 17. முறைப்பாட்டாளரின் பெயரும் முகவரியும் கறுப்பால் அழிக்கப்பட்டிருந்தன. அவர் எழுதியது மூன்று வரி. பஸ் தரிப்புக்கு எதிரே பெரிய கிடங்கு இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிரம்பி இருப்பதே தெரியாது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் சைக்கிளில் வருபவர் யாராவது விழப்போகிறார்.

அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. தண்ணீர் நிரம்பினால் தெரியாது. எனக்கு நடந்தது அப்படியே அதில் இருந்தது, நடப்பதற்கு 24 நாளுக்கு முன்.

பிறகு ஏன் முறைப்பாடே இல்லை என்று கடிதம் வந்தது? பக்கத்துக் கட்டத்தில் பதில் இருந்தது: "இரட்டிப்பு", மூடப்பட்டது. இரண்டு நாளுக்கு முன், ஜனவரி 15இல், அதே வீதியின் மறுமுனையில், வட்டச்சந்திக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு பற்றி வேறொருவர் எழுதியிருந்தார். வீதிப் பெயர் ஒன்று, விடயம் ஒன்று. அலுவலகத்தில் யாரோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். ஜனவரி 24இல் வட்டச்சந்திக் கிடங்கு நிரப்பப்பட்டது, இரண்டு முறைப்பாடும் சேர்ந்து மூடப்பட்டன. வேலைச்சீட்டோடு இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் மதிலும் வட்டச்சந்தியின் நீலப் பலகையும். பஸ் தரிப்பு இல்லை. லைட் போஸ்ற்றில் இருந்த இலக்கம் 37.

எனக்கு மறுப்பு எழுதியவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இரட்டிப்பு என்று மூடியவை அவருடைய தேடலில் வந்திராது. ஆனால் தேடலில் வரவில்லை என்பதற்கும் கவுன்சிலுக்குத் தெரியாது என்பதற்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது. ஜனவரி 17இல் ஒரு குடிமகனோ குடிமகளோ சொன்ன கணத்திலேயே கவுன்சிலுக்குத் தெரிந்துவிட்டது.

கவுன்சிலுக்குத் தெரிந்திருந்ததா என்ற இதே கேள்வியை நியூயோர்க் நகரம் இன்னும் இறுக்கி வைத்திருக்கிறது. எழுத்தில் முன்னறிவித்தல் கிடைத்து 15 நாளுக்குள் திருத்தாவிட்டால்தான் பொதுவாக நகரம் பொறுப்பு என்று அங்கே 1979இல் சட்டம் வந்தது. விபத்து வழக்குகள் பேசும் சட்டத்தரணிகள் 1982இல் ஓர் அமைப்பை உருவாக்கி, நகரமெங்கும் ஆள் விட்டு, பழுதுகளை வரைபடத்தில் குறித்து நகரத்திடம் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு, யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று நகரத்தால் சொல்ல முடியாமல் போனது. இங்கிலாந்தில் எழுத்தில் அறிவித்தல் கட்டாயமில்லை, "தெரிந்திருக்க வேண்டும்" என்றாலும் போதும். ஆனாலும் கையில் ஒரு திகதி இருப்பது வேறு.

இரண்டாவது கடிதம்

மே 28இல் ஒரு பக்கத்தில் எழுதினேன். கோபம் இல்லை, அடைமொழி இல்லை. அவர்களுடைய கொள்கை ஆவணத்தின் கணக்கை மட்டும் வைத்தேன். முறைப்பாடு வந்தால் ஐந்து வேலை நாளுக்குள் பரிசோதகர் போகவேண்டும்: ஜனவரி 24. இந்த வகை வீதியில் 40 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கிடங்கை ஏழு நாளுக்குள் நிரப்பவேண்டும்: ஜனவரி 31. நான் விழுந்தது பெப்ரவரி 10. உங்கள் சொந்தக் கால அட்டவணைப்படியே அந்தக் கிடங்கு நான் வருவதற்குப் பத்து நாளுக்கு முன் மூடப்பட்டிருக்கவேண்டும். விளிம்பின் படங்களையும், 14ஆம் 37ஆம் இலக்கப் போஸ்ற்றுகள் தெரியும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். 28 நாளுக்குள் பதில் இல்லையென்றால் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போவேன் என்று முடித்தேன். 10,000 பவுண்ஸ் வரையான கோரிக்கைகள் அங்கேதான் போகும். என் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 50 பவுண்ஸ்.

28 நாள் கழிந்தது. படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு இன்னும் ஒரு கிழமை பொறுத்தேன். ஜூலை 4, பொதுத் தேர்தல் நாள், வாக்குப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் மின்னஞ்சல். பொறுப்பை ஏற்காமலேயே, முழுத் தீர்வாக, 314 பவுண்ஸ் தருகிறோம் என்று இருந்தது.

357இல் 43 குறைவு. அதுதான் ரயர்க் கணக்கு. பழைய ரயருக்குப் புது ரயர் விலை தரமாட்டார்கள், அது நியாயமும்கூட. புது ரயரில் பூப்பட்டை 8 மில்லிமீற்றர், சட்டப்படி ஆகக் குறைந்தது 1.6. ஓடக்கூடியது 6.4. என்னுடையதில் 5 இருந்தது என்றால் மிச்சம் 3.4, பாதிக்குச் சற்று மேல். 92 பவுண்ஸில் 49. மெக்கானிக்கின் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ரயரைக் கிட்டத்தட்டத் தேய்ந்ததாகவே எடுத்திருப்பார்கள். பொறுப்பை ஏற்கவில்லை என்ற வசனம் உறுத்தியது. மனைவி வாசித்துவிட்டு, "உங்களுக்குக் காசு வேணுமோ, மன்னிப்பு வேணுமோ?" என்றாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஜூலை 26இல் காசு வந்தது.

மச்சானின் கிடங்கு

இதைக் கேட்டுவிட்டு மச்சான் ஒருவன் அடுத்த மாரியில் தன்னுடையதையும் கொண்டுவந்தான். அதே வகைச் சேதம், என்னுடையதைவிட ஆழமான கிடங்கு. நானே உட்கார்ந்து தகவல் கோரிக்கை எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது: அந்த வீதி மாதம் ஒருமுறை பரிசோதிக்கப்படுகிறது, அவன் விழுவதற்கு ஒன்பது நாளுக்கு முன் பரிசோதகர் போயிருக்கிறார், அந்தப் படத்தில் வீதி முழுசாக இருக்கிறது. இடையில் நான்கு இரவு கடும் உறைபனி. முறைப்பாடு எதுவும் இல்லை. அவன் எடுத்த படத்தில் கிடங்கின் விளிம்பு கறுப்பாக, கூராக இருந்தது.

"விடாதேங்கோ அத்தான், கோட்டுக்குப் போவம்" என்றான். விடச் சொன்னேன். கவுன்சில் செய்யவேண்டியதைச் செய்திருந்தது, 58ஆம் பிரிவு இப்படியான இடத்துக்குத்தான். 50 பவுண்ஸையும் தொலைத்து ஒரு நாள் வேலையையும் தொலைப்பதில் பயனில்லை. அவனுக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்.

வாகனச் சேதத்துக்கு ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம், உடற்காயத்துக்குப் பொதுவாக மூன்று. ஆனால் கால எல்லை கடக்கும் வரை கிடங்கு காத்திருக்காது. படமும் போஸ்ற் இலக்கமும் அன்றைக்கோ அடுத்த நாளோ எடுத்தால்தான் உண்டு.

ஜனவரி 17இல் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வராது. அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் சேர்த்துவிட முடியுமா என்று கவுன்சிலைக் கேட்டேன். தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட்டார்கள், அதுவும் சரிதான்.

தமிழ்ப் பள்ளி வாசலுக்கு முன்னால் வடிகால் மூடியைச் சுற்றித் தார் பெயரத் தொடங்கியிருந்தது. போன சனிக்கிழமை மகள் குடை பிடிக்க, நாடா வைத்து அளந்தேன்: 35 மில்லிமீற்றர். அவர்களின் அளவுக்கு இன்னும் ஐந்து குறைவு. பக்கத்து லைட் போஸ்ற்றின் இலக்கத்தோடு, இது வேறெந்தக் கிடங்கின் இரட்டிப்பும் அல்ல என்று சேர்த்து எழுதிப் பதிந்துவிட்டு வந்தேன்.